எர்த் கம்பி விவகாரம்

ஜூன் 3, செவ்வாய்

காலை 7.40 மணியளவில் வீட்டில் ஒரு சிறு மின் சம்பவம். உலகம்மாள் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தபோது கரண்ட் லேசாகத் தொட்டுவிட்டது. கையில் சற்று வீக்கம். மற்றபடி மனைவி நலம். ஓய்வு தேவை என்பதால் சாத்தூரில் இருக்கும் தங்கை காந்திமதி வீட்டுக்குப் போயிருக்கிறாள். காந்திமதியின் வீட்டுக்காரர் காரோடு கோவில்பட்டிக்கே வந்து அழைத்துப் போனார். நானும் வருகிறேன் என்றேன். இடமில்லை என்றார்கள். பின்சீட்டில் உலகம்மாளும் ஒரு பையும்தான்.

சம்பவத்துக்குக் காரணம் ஈரக் கை. வேறு காரணம் எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை.

தாலுகா ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு எழுதியவன் நான், அதில் கடைசி ஒன்பது வருடம் ஹெட் கிளார்க். கோப்பில் ஏறாதது நடக்காதது என்பது எங்கள் ஆபீஸ் பழமொழி. ஆகவே இதை இத்துடன் முடிக்கிறேன்.

ஜூன் 4, புதன்

சோறு குழைந்துவிட்டது. உலகம்மாள் போனை எடுக்கவில்லை. மீட்டரில் நேற்றைவிட இரண்டு யூனிட் குறைவாக ஓடியிருக்கிறது. வழக்கமாக இது எனக்குச் சந்தோஷமான செய்தி.

ஜூன் 5, வியாழன்

காந்திமதி போனை எடுத்தாள்.

"அக்கா தூங்குறா அத்தான்."

"நான் ஒண்ணும் தூங்கல, பேச இஷ்டமில்லன்னு சொல்லு" என்று பின்னாலிருந்து உலகம்மாளின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தூக்கத்துல பேசுறா அத்தான்" என்றாள் காந்திமதி.

பிறகு அவளே விவரம் சொன்னாள். மணிக்கட்டு எலும்பு விட்டிருக்கிறதாம். மாவுக்கட்டு போட்டிருக்கிறது, ஆறு வாரம். ஆகவே 3-ஆம் தேதிப் பதிவில் 'சற்று வீக்கம்' என்றிருப்பதை 'எலும்பு முறிவு' என்று திருத்தி வாசிக்கவும்.

"வீட்டுல இருக்குற எல்லாத்தையும் சரி பண்ணட்டும், அதுவரைக்கும் வாசப்படி மிதிக்க மாட்டேங்கா. அதுகூடப் பரவால்ல அத்தான். நீங்க அவளத் தாண்டிப் போனீகளாம்ல. அதுதான் அவளுக்கு ஆறவே மாட்டேங்குது."

தாண்டியது உண்மை. அவள் அடுக்களை வாசலில் விழுந்து கிடந்தாள். ஒரு கை கிரைண்டர் மேலேயே இருந்தது. நான் கொல்லைப் பக்கம், மெயின் சுவிட்ச் முன்வாசலில். அவளைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. மின்சாரம் தாக்கியவரை மெயினை அணைக்காமல் தொடாதீர் என்று ஆபீஸ் சுவரில் ஒரு அட்டை தொங்கும். முப்பத்து நான்கு வருடமும் அதற்குக் கீழேதான் என் நாற்காலி. தாண்டினேன், அணைத்தேன், திரும்ப ஓடிவந்து அவளைத் தூக்கினேன். அவளுக்கு மட்டும், பெண்டாட்டி விழுந்து கிடக்கையில் இந்த மனுசன் கரண்டை மிச்சம் பிடிக்க ஓடுகிறான் என்று தோன்றியிருக்கிறது.

அப்படித் தோன்றும்படி ஒரு பெயர் எனக்கு இருக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. வந்த விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போது டியூப்லைட்டை அணைத்து, பேச்சுக்கு எதற்கு வெளிச்சம் என்று கேட்டவன் நான்.

ஜூன் 7, சனி

வீட்டைச் சரி செய்யும் பணி இன்று முறைப்படி தொடங்கியது.

முதலில் கேஸ் அடுப்பு. ரப்பர் டியூபைக் கழுவித் துடைத்துப் பார்த்தால் அதன் ஆயுள் முடியும் மாதம் அச்சடித்திருக்கிறது. முடிந்து மூன்று வருடம். நான் ஓய்வு பெற்றும் மூன்று வருடம். யாரும் கேட்காததால் அது மட்டும் வேலையில் நீடித்திருக்கிறது. கேஸ் ஏஜென்சியில் புது டியூப் வாங்கி மாட்டினேன். கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். குமிழ் வந்தால் கசிவாம். சோப்பைக் கொஞ்சம் தாராளமாகக் கரைத்துவிட்டேன் போலிருக்கிறது. அடுப்பு, மேடை, என் முழங்கை எல்லாம் குமிழ். எது கசிவு, எது சோப்பு என்று தெரியாமல் அரைமணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு துடைத்துவிட்டு மறுபடி அளவாகத் தடவினேன். கசிவு இல்லை.

அடுத்து ஃபிரிட்ஜ். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி, இழுத்தால் வரக்கூடாது. வந்தது. குளிர் பூராவும் இத்தனை நாள் வீட்டுக்குள் ஓடியிருக்கிறது. ரப்பரை வெந்நீரில் துடைத்துச் சரிசெய்து, பின்பக்கத் தூசியையும் தட்டினேன். முன்ஜாக்கிரதையாக ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் தொட்டேன்.

ஜூன் 9, திங்கள்

மூன்று ஃபேனையும் துடைத்தாயிற்று. அடுக்களைக் காற்றாடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டியதில் அதன் நிறம் வெள்ளை என்று தெரிந்தது. இரண்டு டியூப்லைட்டையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்டேன். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துச் சாத்தூருக்கு அனுப்பினேன். பதினான்கு போட்டோ. மாலையில் காந்திமதியிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது: 'அக்கா கேக்கா, கிரைண்டர்?'

ஜூன் 10, செவ்வாய்

கிரைண்டர் பரிசீலனையில் உள்ளது.

ஜூன் 12, வியாழன்

பக்கத்து வீட்டு ஜெயக்கொடி இட்லி கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம்.

"அக்கா நாலு மாசமா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாக சார், கிரைண்டரத் தொட்டா சுருக்சுருக்னு இழுக்குன்னு. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொன்னாள். நானும் அன்றைக்கே நடவடிக்கை எடுத்தேன். ரப்பர் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து, இதைப் போட்டுக்கொண்டு ஆட்டு என்றேன். ஒரு வாரம் கழித்துச் செருப்போடும் இழுக்கிறது என்றாள். ஏறி நிற்க ஒரு பலகையும் போட்டுக் கொடுத்தேன். சம்பவத்தன்று செருப்பு ஈரமாக இருந்ததால் வெயிலில் காயவைத்திருந்தாளாம். இது என் தவறு ஆகாது.

மதியம் டெஸ்டரை எடுத்துக் கிரைண்டர் உடம்பில் வைத்தேன். எரிந்தது. வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தேன், அப்போதும் எரிந்தது. ஃபிரிட்ஜில் வைத்தால் அங்கேயும் மினுக்மினுக் என்றது. டெஸ்டர் பழசு, கெட்டுப்போயிருக்கும். கடைவீதிக்குப் போய்ப் புது டெஸ்டர் வாங்கி வந்தேன். அது இன்னும் பிரகாசமாக எரிகிறது.

ஜூன் 14, சனி

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. கோப்பில் ஏற்றவேண்டியதை ஏற்றிவிடுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன் அடுத்த தெரு எலெக்ட்ரீசியன் சூசை எங்கள் வீட்டுக்குப் புது போர்டு போட்டான். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, அதிலிருந்து போர்டுக்கு ஒரு கம்பி இழுத்தான். எர்த் கம்பி. எதற்கு இது என்று கேட்டேன். "எங்கயாவது கரண்ட் கசிஞ்சா ஆளத் தொடாம மண்ணுக்குள்ள போயிரும் சார்" என்றான்.

அவன் சொன்னதில் 'ஆளைத் தொடாமல்' என்பது என் காதில் விழவில்லை. 'மண்ணுக்குள்ளே போயிரும்' மட்டும் விழுந்தது. நான் காசு கட்டுகிற கரண்ட் எதற்கு மண்ணுக்குள் போக வேண்டும்? அந்த மே மாதக் கணக்கில் தொண்ணூறு யூனிட் கூடியும் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை உலகம்மாள் கோவிலுக்குப் போயிருந்தபோது கம்பியை வெட்டினேன். இரண்டு முனையிலும் கருப்பு டேப் சுற்றினேன். மேலே கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தி வைத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். சூசை வைத்த எர்த்து என் கரண்டை மண்ணுக்குத் தானம் செய்துகொண்டிருந்தது, நல்லவேளை கண்டுபிடித்தேன் என்று தெருவில் வீடு வீடாகச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சூசையை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

உலகம்மாளுக்கு இது தெரியாது.

ஜூன் 15, ஞாயிறு

யாருக்கும் தெரியாமல் நானே கம்பியைத் திரும்ப முடிந்துவிடலாம் என்று தொட்டியை நகர்த்தினேன். நகரவில்லை. வேர் தொட்டியை உடைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. கடப்பாரை போட்டு நெம்பியதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. குழாய் துருவேறித் தொட்டால் உதிர்கிறது. கம்பி பச்சை பூத்து ஒடிகிறது. டேப் மட்டும் போன வாரம் சுற்றியதுபோல் இருக்கிறது. அந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

சூசை வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் என்ன பேசுவது என்று மூன்று பத்தி தயார் செய்து வைத்திருந்தேன். அவன் நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, "அக்காவுக்குக் கை எப்படி இருக்கு சார்?" என்று கேட்டான். மூன்று பத்தியும் மறந்துவிட்டது.

"கிரைண்டர்ல..." என்றேன்.

"காலையில வர்றேன் சார்" என்றான்.

ஜூன் 18, புதன்

சூசை வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான் போனான். குனிந்து வெட்டுப்பட்ட கம்பியைப் பார்த்தான்.

"எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

அவன் டேப்பை நகத்தால் சுரண்டினான். "எலி டேப்பும் சுத்துமா சார்?"

நான் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அவன் மண்வெட்டியை எடுத்தான். புதுக் குழி, புதுக் கரி, உப்பு, குழாய், கம்பி. போர்டில் ஒரு டிரிப்பரும் மாட்டினான். கசிவு வந்தால் கண் மூடித் திறப்பதற்குள் தானாக அணைந்துவிடுமாம். கிரைண்டர் மோட்டாரைப் பிரித்து, உள்ளே கசிந்த இடத்தையும் சரி செய்தான். வருடத்துக்கு ஒரு தடவை இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும், கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றான்.

வேலை முடிந்ததும் சாத்தூருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். சூசை பேசுகிறான் என்றதும் உலகம்மாளே வந்தாள். பதினைந்து நாளில் முதல் தடவையாக அவள் குரல் நேராக என் வீட்டுக்குள் கேட்டது. பேசியது என்னவோ சூசையிடம்.

"நீயே சொல்லு சூசை. நான் விழுந்து கெடக்கேன். இந்த மனுசன் என்னத் தாண்டிப் போயி மெயினை அணைக்காரு. ஓடுற மீட்டர்தான் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு, நான் தெரியல."

"அக்கா, அவரு அணைக்காம உங்களத் தொட்டிருந்தா ரெண்டு பேரும் போயிருப்பீக. எனக்குத் தெரிஞ்சு இந்த மாதிரி நேரத்துல பத்துல ஒம்போது பேரு ஓடிப்போயி ஆளத்தான் பிடிப்பாக. சார் உங்க உசுரக் காப்பாத்தியிருக்காரு."

அந்தப் பக்கம் யாரோ டி.வி.யை அணைத்தார்கள்.

"நெசமாவா சொல்ற?"

"வேளாங்கண்ணி மாதா சத்தியமா அக்கா."

"வெள்ளிக்கிழமை வர்றேன்னு அவருகிட்டச் சொல்லிரு" என்று வைத்துவிட்டாள்.

சூசை பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "எலி கதைய நான் அக்காகிட்டச் சொல்ல மாட்டேன் சார். நான் சொன்னா பழைய கோவத்துல சொல்றேம்பாக. நீங்களே சொல்லுங்க."

ஜூன் 20, வெள்ளி

வந்துவிட்டாள். காரில் இந்தத் தடவை நாலு பேர் வந்தார்கள். காந்திமதியின் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள என்னமோன்னு நெனச்சிட்டேன் சகல" என்று கண் கலங்கினார். அடுக்களை வாசலிலிருந்து மெயின் வரைக்கும் எத்தனை எட்டில் போனேன் என்று எல்லோரும் நடந்து பார்த்தார்கள். ஒன்பது எட்டு.

ஜூன் 21, சனி

ஜெயக்கொடி தன் வீட்டுக்காரரை அழைத்துவந்து என் முன்னால் நிறுத்தி, "சாரப் பாத்துக் கத்துக்கோங்க" என்றாள். உலகம்மாள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் மாவுக்கட்டைக் காட்டி என் புத்திசாலித்தனத்தைச் சொல்கிறாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவள் வாயால் இப்படிக் கேட்டதில்லை. ஒரு வாய் சோறு இறங்கவில்லை. என்ன செய்யுது என்று கேட்டாள். வாயு என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு கையால் தலை பின்ன முடியாது என்று உலகம்மாள் சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். எனக்குப் பின்னத் தெரியாது. மூன்றாகப் பிரித்து ஏதோ மடித்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தாறு வருசமா உங்களத் தப்பா நெனச்சிட்டேங்க" என்றாள்.

அவள் முகம் அந்தப் பக்கம் இருந்தது. இப்போது விட்டால் இனிமேல் முடியாது என்று தோன்றியது.

"எர்த் கம்பி இல்லாமத்தான் உன்னக் கரண்டு அடிச்சுது. நான்தான் வெட்டுனேன்."

தலை ஆடவில்லை. நான் பின்னுவதை நிறுத்தவில்லை.

"எப்ப?"

"பதினோரு வருசமாச்சு. கரண்டு மண்ணுக்குள்ள போகுதுன்னு நெனச்சேன்."

"எவ்வளவு மிச்சமாச்சு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் பதினோரு வருட மீட்டர் நோட்டும் இருக்கிறது. அந்த மே மாதம் தொண்ணூறு யூனிட் கூடியது எதனால் என்றால், காந்திமதி பிள்ளைகளோடு வந்து லீவுக்கு ஒரு மாதம் இருந்தாள். ராத்திரி பகல் மூன்று ஃபேனும் ஓடின. அடுத்த மே மாதமும் வந்தாள். எர்த் கம்பி இல்லாமலேயே அதே தொண்ணூறு கூடியது.

"ஒரு யூனிட்கூட இல்ல" என்றேன்.

"அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அடுத்த வருசமே."

"அப்ப ஏன் திரும்ப மாட்டல?"

"தெரு பூராச் சொல்லிட்டேன். சூசைகிட்டப் போயி நிக்கணும்ல. வெக்கமா இருந்துச்சு."

அவள் திரும்பிச் சீப்பை வாங்கிக்கொண்டாள். பின்னலை உதறிவிட்டு ஒற்றைக் கையால் கொண்டையாகச் சுருட்டினாள். இரண்டு தடவை அவிழ்ந்தது. நான் உதவப் போகவில்லை.

பையை எடுத்துவிடுவாளோ என்று பகல் முழுக்க அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பை ஆணியிலேயே தொங்கியது. சாயங்காலம் காபி கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்:

"தெருவுல சொன்னதத் தெருவுலயே போயிச் சொல்லணும். வீடு வீடாத்தான சொன்னீக? வீடு வீடாப் போங்க. நானும் வர்றேன். கூட்டிக் குறைச்சுச் சொன்னா நான் பக்கத்துல நிக்கணும்."

ஜூன் 24, செவ்வாய்

முதலில் ஜெயக்கொடி வீடு. நான்தான் கம்பியை வெட்டினேன், சூசை மேல் தவறில்லை, மிச்சம் ஒன்றும் ஆகவில்லை என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். சிரிப்பாள் அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீகன்னுதான சார் நாங்களும் வெட்டுனோம்" என்றாள்.

தெருவில் பதினான்கு வீடு. எங்களை விட்டு ஒன்பது வீட்டில் எர்த் கம்பி இல்லை. ஹெட் கிளார்க் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வெட்டியிருக்கிறார்கள். எல்லாரும் கருப்பு டேப்தான். தெருக்கோடி வீட்டில் மேலே கறிவேப்பிலைத் தொட்டிகூட வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நடை பழகுகிறது. அதைப் பார்த்ததும் அவர்கள் வீட்டு நடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உலகம்மாள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். "எந்திரிங்க, சூசையக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

ஜூன் 28, சனி

நாலு நாளில் ஐந்து வீடு முடிந்தது, பேத்தி இருக்கும் வீடு முதலில். சூசைக்குக் குழி தோண்டிக் கொடுப்பதும், கரி மூட்டை சுமப்பதும் நான். கூலி கிடையாது. இடுப்பில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

வேலை முடிந்ததும் எந்த வீட்டிலும் பெண்கள் கிரைண்டர் பக்கம் வர மாட்டேன் என்கிறார்கள். முதல் வீட்டிலேயே, "நீங்க சொல்லித்தான போன தடவையும் நம்புனோம், மொதல்ல நீங்க தொடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. சூசை பக்கத்தில் நின்று, "செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க சார். கையையும் நனைச்சுக்கோங்க" என்கிறான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனாலும் உள்ளே சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

அவன் கசிவு பார்க்கும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டான், ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் ஓடுகிற கிரைண்டரை நோக்கி ஈரக் கையை நீட்டும்போது அது தானாகப் பின்னால் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டுதான் தொடுகிறேன். ஐந்து வீட்டிலும் ஐந்து தடவை பயந்தேன்.

உலகம்மாள் வாரத்துக்கு இரண்டு நாள், நாலு மாதம், இந்தப் பயத்தோடு அதன் மேல் கை வைத்திருக்கிறாள். அந்த மாவில் அவித்த இட்லியைத் தின்றுவிட்டு, உப்புக் கூடிவிட்டது என்று நான் குறை சொல்லியிருக்கிறேன்.